கண்ணாடி தாங்கும், உறை தாங்குமா? கடுஞ்சூழலில் ஒளியிழை சென்சார் பொருத்தக் கற்பவர்களுக்கு

ஒளியிழை சென்சார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தலைமுடி மாதிரி இருக்கிற இந்தக் கண்ணாடி அந்தச் சூட்டில் உருகிவிடாதா?" உருகாது. சிலிக்கா கண்ணாடி இளகுவதற்கே 1,600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். ஆனால் சாதாரணத் தொலைத்தொடர்பு இழையின் மேல் பூசியிருக்கும் அக்ரிலேட், 85 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தாலே கெட்டுப்போகத் தொடங்கிவிடும். பூச்சு போன பிறகு கண்ணாடிக்கு ஆயுள் இல்லை. ஈரமும் கீறலும் சேர்ந்து அதை ஒடித்துவிடும்.

பழுதான சென்சார்களைக் கழற்றிப் பார்த்தபோதெல்லாம் நான் கண்டது இதுதான். ஒளியை வைத்து அளக்கும் முறையில் குறை இருக்காது. போயிருப்பது மேற்பூச்சு, அல்லது பசை, அல்லது கேபிள் வெளியே வரும் வாய், அல்லது கனெக்டர். ஆகவே இயற்பியலைவிட இந்த நான்குக்கும் இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், ஒளியிழை தேவைதானா?

அளக்க வேண்டிய இடங்கள் பத்துக்குள் இருந்து, கைக்கெட்டும் தொலைவில் இருந்து, மின்காந்த இரைச்சலும் இல்லையென்றால் தெர்மோகப்பிளும் சாதாரண ஸ்ட்ரெய்ன் கேஜும் போதும். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம். ஒளியிழை தன் வலிமையைக் காட்டுவது வேறு இடங்களில். உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரின் சுருளுக்குள் உலோகக் கம்பியை விட முடியாது, இழையை விடலாம். பல கிலோமீட்டர் குழாயில் எங்கே கசிகிறது என்று தெரியாதபோது ஒரே இழை மீட்டருக்கு மீட்டர் சொல்லிவிடும். வெடிக்கக்கூடிய வாயு இருக்கும் இடம், கதிர்வீச்சு உள்ள இடம், ஆழ்துளை எண்ணெய்க் கிணறு, சுழலும் இயந்திரத்தின் உட்புறம் எல்லாம் இதில் சேரும்.

படி 1: அந்த இடத்தைப் பற்றிய கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

அளக்கப் போவது வெப்பநிலையா, இழுவிசையா, அழுத்தமா, அதிர்வா? எவ்வளவு துல்லியம், எவ்வளவு வேகம்? இவற்றை எல்லோரும் கேட்டுவிடுவார்கள். கேட்க மறப்பது வேறு: அதிகபட்ச வெப்பத்தில் எத்தனை மணி நேரம் இருக்கும்? சூடும் குளிரும் மாறி மாறி வருமா? ஹைட்ரஜன், நீராவி, அமிலம் உண்டா? எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்? பொருத்திய பிறகு அந்த இடத்துக்குக் கை போகுமா?

கடைசிக் கேள்வியின் பதில் "போகாது" என்றால் செலவுக் கணக்கே மாறிவிடும். திரும்பத் தொட முடியாத இடத்தில் ஒரு படி உயர்ந்த பூச்சும், உபரியாக ஓர் இழையும் வைப்பது ஆடம்பரமல்ல.

இயக்க வெப்பநிலையை மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். ஒருமுறை எனக்குக் கொடுத்த தாளில் குழாயின் வெப்பம் 70 டிகிரி என்று இருந்தது. அக்ரிலேட் பூசிய இழையே போதும் என்று முடிவு செய்து பொருத்தினோம். ஆறு மாதம் அருமையாக ஓடியது. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியபோது அந்தக் குழாயை நீராவி பாய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். அப்போது சூடு 150 டிகிரியைத் தாண்டியது. திரும்ப ஓட்டியபோது இழையில் ஒளி இழப்பு ஏறியிருந்தது, இரண்டு மாதத்தில் சமிக்ஞையே இல்லை. தாளில் இருந்த எண் பொய்யில்லை. நிறுத்தம், தொடக்கம், சுத்தம், சோதனை ஆகிய நேரங்களில் என்ன நடக்கும் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அந்த நான்கு சொற்களும் என் கேள்வித்தாளின் முதல் வரியில் இருக்கின்றன.

படி 2: முறையைத் தேர்ந்தெடுங்கள்

குறிப்பிட்ட சில புள்ளிகளில் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் பிராக் கிரேட்டிங், அதாவது எஃப்பிஜி. இழையின் உள்ளகத்தில், அதாவது ஒளி ஓடும் நடுப்பகுதியில், ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கி எழுதியிருப்பார்கள். 1,550 நானோமீட்டர் ஒளிக்கு அந்த இடைவெளி சுமார் 535 நானோமீட்டர்தான். அந்த இடைவெளிக்குப் பொருந்தும் ஒரே அலைநீளம் மட்டும் திரும்பி வரும், மற்றவை கடந்து போய்விடும். இழை நீண்டாலோ சூடானாலோ திரும்பும் அலைநீளம் நகரும். அந்த நகர்வைத்தான் இன்டெராகேட்டர் என்ற கருவி அளக்கிறது. 1978இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் இத்தகைய கிரேட்டிங்கை முதலில் கண்டார்கள். 1989இல் ஜெரால்டு மெல்ட்ஸ் குழுவினர் புற ஊதா ஒளியைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சி எழுதும் வழியைக் காட்டிய பிறகுதான் வேண்டிய அலைநீளத்தில் வேண்டிய இடத்தில் எழுத முடிந்தது, சென்சாராகவும் பரவியது.

நீளம் முழுவதும் வெப்பநிலை தெரிய வேண்டுமென்றால் ராமன் முறை. களத்தில் டிடிஎஸ் என்பார்கள். இழைக்குள் ஒரு துடிப்பை அனுப்புகிறோம். சிதறித் திரும்பும் ஒளியில் ஸ்டோக்ஸ், எதிர்-ஸ்டோக்ஸ் என்று இரண்டு கூறுகள் உண்டு. எதிர்-ஸ்டோக்ஸ் வெப்பத்துக்கு நன்றாக அசையும், ஸ்டோக்ஸ் குறைவாகவே அசையும். இரண்டின் விகிதம் வெப்பநிலையைத் தரும், திரும்பி வர எடுத்த நேரம் இடத்தைத் தரும். ஒளி இழையில் போய் வர ஒரு மீட்டருக்கு 10 நானோ வினாடி ஆகும். துடிப்பின் அகலம் 10 நானோ வினாடி என்றால் ஒரு மீட்டருக்குக் குறைவான விஷயத்தை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது.

இந்த எல்லையைப் புதியவர்கள் மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு மீட்டர் பிரிதிறன் உள்ள கருவியிடம், 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும் சுற்றுப்புறத்தைவிட 50 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும் ஓர் இடத்தைக் காட்டினால், திரையில் தெரிவது ஏறத்தாழ 10 டிகிரி உயர்வுதான். எச்சரிக்கை அளவை 30 டிகிரி உயர்வில் வைத்திருந்தால் அந்த இடம் எரிந்து போகும்வரை மணி அடிக்காது. சிறிய சூட்டுப்புள்ளியைப் பிடிக்க வேண்டுமென்றால் அங்கே கேபிளைச் சுருட்டி வையுங்கள், அல்லது அங்கு மட்டும் எஃப்பிஜி போடுங்கள்.

நீளம் முழுவதும் இழுவிசை வேண்டுமென்றால் பிரில்லுவான். சிதறிய ஒளியின் அதிர்வெண் 11 கிகாஹெர்ட்ஸை ஒட்டி நகர்ந்திருக்கும். அந்த நகர்வு ஒரு டிகிரிக்குச் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீட்சி) சுமார் 0.05 மெகாஹெர்ட்ஸ் மாறும். அதிர்வும் ஒலியும் வேண்டுமென்றால் ராலே சிதறலை வைத்து இயங்கும் டிஏஎஸ். அழுத்தத்துக்கு இழையின் நுனியில் சிறு குழி அமைத்த ஃபேப்ரி-பெரோ சென்சார் நல்ல தேர்வு.

எதை எடுத்தாலும் ஒளிக் கணக்கை அன்றே போட்டுவிடுங்கள். 1,550 நானோமீட்டரில் நல்ல ஒற்றைமுறை இழையின் (ஒளி ஒரே பாதையில் மட்டும் போகும் மெல்லிய உள்ளகம் கொண்டது) இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல். ஒவ்வொரு ஸ்ப்ளைஸுக்கும் (இரண்டு இழைகளை உருக்கி ஒட்டும் இணைப்பு) 0.05, ஒவ்வொரு கனெக்டர் இணைப்புக்கும் 0.3 என்று வைத்துக் கூட்டுங்கள். ஆண்டுகள் ஆக ஆக இழப்பு ஏறும்; அதற்கும் இடம் விடுங்கள்.

படி 3: மேற்பூச்சு

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம்.

அக்ரிலேட் 85 டிகிரி வரை. உயர்வெப்ப அக்ரிலேட்டும் சிலிக்கோனும் 150 முதல் 200 வரை. பாலிஇமைடு 300. அலுமினியம் 400. தங்கம் 700. இவை நீண்ட நாள் தாங்கும் தோராயமான எல்லைகள்; தயாரிப்பாளரின் தாளில் எத்தனை மணி நேரத்துக்கு என்று பார்த்துத்தான் உங்கள் எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பூச்சுக்கும் அதற்கே உரிய குணம் உண்டு. பாலிஇமைடு ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பினால் இழையை இழுக்கும். எஃப்பிஜியில் அந்த இழுப்பு அளவாகவே தெரியும். ஈரப்பதம் ஏறி இறங்கும் இடத்தில் வெப்பநிலை மாறாமலே காட்டும் எண் மாறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பாலிஇமைடை உரிப்பதும் சிரமம், சாதாரண ஸ்ட்ரிப்பருக்கு அசையாது. சூடான அமிலத்தில் முக்கி எடுப்பார்கள். அதைப் பயிற்சி பெற்றவர் கூட இல்லாமல் செய்யாதீர்கள். உலோகப் பூச்சுகள் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கி விரிவதால் இழையை நுண்ணியதாக நெளித்து இழப்பைக் கூட்டும். அதனால் அவற்றைக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்ட முடியாது. சில மீட்டர் சூட்டுப் பகுதிக்கு அருமையாக இருக்கும்.

பூச்சு தாங்கினாலும் கிரேட்டிங் தாங்குமா என்பது தனிக் கேள்வி. புற ஊதாவால் எழுதிய சாதாரண கிரேட்டிங், சில நூறு டிகிரியில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போகும். பயன்படுத்தப் போகும் வெப்பத்தைவிடச் சற்று அதிகமான சூட்டில் முன்கூட்டியே வைத்து எடுத்தால், மங்க வேண்டியது மங்கி, மிச்சம் நிலையாக நிற்கும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் ஃபெம்டோ வினாடி லேசரால் எழுதியதோ, சூட்டில் மங்கவிட்டு மறுபடி எழச்செய்த, அதாவது மீளுருவாக்கிய, கிரேட்டிங்கோ வேண்டும். இவை 1,000 டிகிரியை ஒட்டிக்கூட வேலை செய்கின்றன. அதையும் தாண்டினால் சிலிக்காவை விட்டுவிட்டு, 2,000 டிகிரிக்கு மேல் உருகும் சஃபையர் இழைக்குப் போக வேண்டியிருக்கும்.

சூட்டைவிட எனக்கு அதிகக் கவலை தருவது ஹைட்ரஜன்தான். மிகச் சிறிய மூலக்கூறு என்பதால் பூச்சையும் கண்ணாடியையும் ஊடுருவிவிடும். ஊடுருவினால் 1,240 நானோமீட்டர் அருகே இழப்பு எழும். கண்ணாடியோடு வினைபுரிந்துவிட்டால் 1,380ஐ ஒட்டி நிரந்தர மேடு வரும். ஜெர்மேனியம் கலந்த உள்ளகத்தில் இது இன்னும் மோசம். எண்ணெய்க் கிணறுகளில் இதை இழை கறுத்தல் என்பார்கள். டிடிஎஸ் வைத்திருப்பவருக்கு இது இரட்டை அடி. 1,064 நானோமீட்டர் லேசர் என்றால் எதிர்-ஸ்டோக்ஸ் 1,016 அருகிலும் ஸ்டோக்ஸ் 1,115 அருகிலும் வரும். இரண்டிலும் இழப்பு ஒரே அளவில் ஏறாததால், உண்மையில் எதுவும் சூடாகாமலே வெப்பநிலைக் கோடு தூரம் போகப் போகச் சாயத் தொடங்கும். கோடு அறுந்து போனால் யாரும் கவனிப்பார்கள். மெல்லச் சாயும் கோட்டை உண்மை என்று நம்பி முடிவெடுப்பதுதான் ஆபத்து. மருந்து: தூய சிலிக்கா உள்ளகம், அதன் மேல் கார்பன் பூச்சு. கார்பன் ஹைட்ரஜனைத் தடுப்பது 150 டிகிரியைத் தாண்டினால் தளரத் தொடங்கும், ஆகவே அதற்கு மேல் தூய சிலிக்கா உள்ளகத்தைத்தான் நம்ப வேண்டும்.

கதிர்வீச்சு உள்ள இடத்திலும் தூய சிலிக்கா அல்லது ஃப்ளூரின் கலந்த இழையே சரி. பாஸ்பரஸ் கலந்த இழை கதிர்வீச்சில் விரைவாகக் கறுக்கும். அந்தக் குணத்தை வைத்தே கதிரளவை அளப்பவர்களும் உண்டு.

படி 4: கேபிள்

வெப்பநிலை அளக்கும் கேபிளில் இழை தளர்வாக இருக்க வேண்டும், வெளியே இழுத்தாலும் உள்ளே படக்கூடாது. இழுவிசை அளக்கும் கேபிளில் இழை உறையோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

கடுஞ்சூழலில் பெரும்பாலும் காண்பது உலோகக் குழாய்க்குள் இழை. 316எல் எஃகு பொதுவானது. அரிப்பு கடுமையாக இருந்தால் நிக்கல் கலப்புலோகம். இங்கே ஒரு சின்னக் கணக்கு. 100 மீட்டர் 316எல் குழாயை 300 டிகிரி சூடேற்றினால் அது ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் நீளும். உள்ளே இருக்கும் சிலிக்கா இழை இரண்டு சென்டிமீட்டர்கூட நீளாது. மிச்சம் 46 சென்டிமீட்டருக்கான உபரி இழை குழாய்க்குள் முன்பே இல்லையென்றால், இழை 4,600 மைக்ரோஸ்ட்ரெய்ன் இழுபடும். தொழிற்சாலையில் 10,000 மைக்ரோஸ்ட்ரெய்ன் வரை இழுத்துச் சோதித்த இழை என்பதால் அன்றே அறுந்துவிடாது. ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் தொடர் இழுவிசை, கண்ணாடியின் நுண்கீறல்களை வளர்த்துக்கொண்டே போகும். ஆர்டர் கொடுக்கும்போதே உபரி நீளம் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இதே கணக்கு குளிர்ப் பக்கத்துக்கும் உண்டு: குழாய் சுருங்கும்போது உபரி இழை உள்ளே அலைபோல் மடங்கி இழப்பைக் கூட்டும்.

குழாய்க்குள் நிரப்பும் ஜெல்லும் உங்கள் வெப்பத்தைத் தாங்க வேண்டும். சூட்டில் சிதையும் ஜெல்லும், அரிக்கும் உலோகமும் குழாய்க்குள்ளேயே ஹைட்ரஜனை உண்டாக்கும். வெளியே ஹைட்ரஜன் இல்லை என்ற நிம்மதி அங்கே செல்லாது.

படி 5: மேசையை விட்டுக் கிளம்புமுன்

கேபிள் வந்ததும் டிரம்மில் இருக்கும்போதே ஓடிடிஆர் (இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று கோடாகக் காட்டும் கருவி) போட்டு, 1,310, 1,550 இரண்டு அலைநீளங்களிலும் கோட்டைச் சேமியுங்கள். வளைவால் வரும் இழப்பு 1,550இல் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் வளைவா, கெட்ட ஸ்ப்ளைஸா என்று பிரித்துவிடலாம். அதே இழை, அதே பசை, அதே குழாய் கொண்டு ஒரு சிறு மாதிரி செய்து அடுப்பில் சில முறை சூடேற்றி ஆற்றுங்கள். முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் ஒரே வெப்பத்தில் ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் பூச்சோ பசையோ நகர்கிறது.

படி 6: எஃப்பிஜியை ஒட்டுவது

பரப்பை மணற்தாளால் தேய்த்து, கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் கறை வராமல் போகும்வரை புதுத்துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இழையைக் கொஞ்சம் முன்இழுவிசையோடு பிடித்து, பசையை மெல்லியதாக, சீராகப் பரப்புங்கள். இன்டெராகேட்டரைப் பக்கத்தில் வைத்து அலைமாலையை (எந்த அலைநீளம் எவ்வளவு திரும்புகிறது என்ற கோட்டை) பார்த்துக்கொண்டே பசையை உலரவிடுவது என் வழக்கம். ஒற்றைக் கூம்பாக நிற்கும் முகடு, பசை இறுகும்போது நகர்ந்து நிலைக்கும். அது அகலமாகவோ இரண்டாகப் பிளந்தோ போனால் பசை கிரேட்டிங்கை ஒரு பக்கம் அழுத்துகிறது, அல்லது நீளம் முழுவதும் சீராகப் பிடிக்கவில்லை. அந்த நிமிடமே எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று விட்ட எதுவும் எனக்குச் சரியானதில்லை. 200 டிகிரிக்கு மேல் சாதாரணப் பசைகளை நம்ப வேண்டாம். செராமிக் சிமென்ட்டோ, உலோகத் தகட்டில் பொருத்தி ஸ்பாட் வெல்டிங் செய்யும் சென்சாரோ எடுங்கள்.

வெப்ப ஈடுசெய்யும் சென்சாரை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்களில் பாருங்கள். 1,550 நானோமீட்டர் அருகே எஃப்பிஜி ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டரும், ஒரு மைக்ரோஸ்ட்ரெய்னுக்குச் சுமார் 1.2 பிக்கோமீட்டரும் நகரும். எஃகில் ஒட்டியிருக்கும் கிரேட்டிங் 100 டிகிரி சூடாகிறது, பாரம் எதுவும் ஏற்றவில்லை. வெப்பத்தால் மட்டும் 1 நானோமீட்டர் நகரும். எஃகு கண்ணாடியைவிடக் கூடுதலாக விரிந்து இழையை இழுப்பதால் இன்னும் 1.4 நானோமீட்டர். மொத்தம் 2.4. இதை அப்படியே இழுவிசை என்று படித்தால் 2,000 மைக்ரோஸ்ட்ரெய்ன். சாதாரணக் கட்டுமான எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவைவிட அதிகம்! ஆகவே பக்கத்திலேயே, அதே வெப்பத்தில், ஆனால் எதனோடும் ஒட்டாமல் தளர்வாக இன்னொரு கிரேட்டிங் இருக்க வேண்டும். பொருளின் விரிவெண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரே இழையில் பல கிரேட்டிங்குகள் வைக்கும்போது ஒவ்வொன்றும் நகரும் தூரத்தைக் கணக்கிட்டு அலைநீள இடைவெளி விடுங்கள். ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகுந்தால் எது எதுவென்று கருவிக்குத் தெரியாது.

படி 7: வெளியே வரும் வாயும் கனெக்டரும்

சூட்டுப் பகுதிக்குள் ஸ்ப்ளைஸ் வைக்காதீர்கள். அதைக் காக்கும் சுருங்கு உறை நெகிழியால் ஆனது. சூட்டிலிருந்து போதுமான தூரம் கேபிளைத் தொடர்ச்சியாகக் கொண்டுவந்து, குளிர்ந்த இடத்தில் பெட்டிக்குள் ஸ்ப்ளைஸ் செய்யுங்கள்.

குழாய் முடிந்து இழை வெளியே தலைகாட்டும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் நான் அதிக ஒடிவுகளைக் கண்டிருக்கிறேன். குழாயை வெட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் இருக்கும். அதிர்வில் இழை அதன்மேல் உரசி உரசி ஒருநாள் ஒடியும். விளிம்பை உள்ளும் புறமும் மழுக்கி, மேலே மென்மையான சிறு குழலைச் செருகி, இழைக்குத் தாராளமான வளைவு கொடுத்து வெளியே எடுங்கள். சாதாரண இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைவு வேண்டாம். வாயை அடைக்கவும் மறக்காதீர்கள். சூடாகி ஆறும் குழாய் மூச்சு விடுவது போலக் காற்றை இழுக்கும், அதோடு ஈரமும் உள்ளே போகும்.

இப்போது கனெக்டர். எஃப்பிஜிக்கும் பிரில்லுவானுக்கும் டிஏஎஸ்சுக்கும் பச்சை நிற ஏபிசி கனெக்டர் வேண்டும். அதன் முகம் 8 டிகிரி சாய்ந்திருப்பதால், முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி சென்சாரின் ஒளியோடு கலக்காது. முகம் சாயாத நீல நிறக் கனெக்டரோடு அதைச் சேர்த்தால் இரண்டு முகமும் பாழ்.

ஒற்றைமுறை இழையின் உள்ளகம் 9 மைக்ரான் அளவுதான். சுத்தமாகத் தெரியும் ஒரு முகத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிற வட்டத்துக்கு நடுவே சிறு புள்ளியாக உள்ளகம் தெரியும். அதன் மேல் விரல் எண்ணெயின் மெல்லிய படலம் வானவில் நிறத்தில் பரவியிருக்கும், ஓரத்தில் தூசி கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தூசியோடு இன்னொரு கனெக்டரைச் செருகினால் தூசி நசுங்கி இரண்டு முகத்திலும் பள்ளம் விழும். அதைத் துடைத்து எடுக்க முடியாது. பார், துடை, மறுபடி பார், பிறகு செருகு. இரண்டு பக்கமும், ஒவ்வொரு முறையும். கருவி பழுது என்று திருப்பி அனுப்பத் தயாராக இருந்த சிலவற்றை நான் ஒரு துடைப்பானால் சரிசெய்திருக்கிறேன்.

இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். இந்த அலைநீளங்கள் கண்ணுக்குத் தெரியாது. வெட்டிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டுநாடாவில் எண்ணி எண்ணி ஒட்டி வையுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், அந்த மேசையில் சாப்பிடாதீர்கள். வெடிக்கக்கூடிய வாயு உள்ள இடத்தில் "இழையில் மின்சாரம் இல்லை, ஆபத்தில்லை" என்று விட்டுவிடவும் கூடாது. குவிந்த ஒளியும் தூசியைச் சூடாக்கிப் பற்றவைக்கலாம். அதற்கென்றே ஐஈசி 60079-28 என்ற தரம் இருக்கிறது. லேசரின் திறனை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: எந்த மீட்டர், எந்த இடம்?

திரையில் 1,437ஆவது மீட்டரில் சூடு என்று வந்தால் நீங்கள் எங்கே ஓட வேண்டும்? கேபிளின் மேல் அச்சிட்ட எண் கேபிளின் நீளம். கருவி சொல்வது இழையின் நீளம். உபரி இழை இருப்பதால் இரண்டும் ஒன்றல்ல. கருவியில் கொடுக்கும் ஒளிவிலகல் எண்ணும் தூரத்தை மாற்றும். 1.468 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1.460 கொடுத்தால் கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் தவறும்.

அதனால் நடந்து போய்க் குறியுங்கள். ஒருவர் திரையில், ஒருவர் கேபிளோடு. ஒவ்வொரு வால்விலும் வளைவிலும் கேபிளை வெப்பக் காற்றால் சூடாக்குங்கள், அல்லது ஈரத்துணியில் பனிக்கட்டி சுற்றி வையுங்கள். திரையில் மேடோ பள்ளமோ எந்த மீட்டரில் எழுகிறது என்று எழுதுங்கள். பெரிய வளாகத்தில் இது ஒரு முழு நாள் வேலை. அந்த நாளைச் சேமிக்க நினைக்காதீர்கள்.

படி 9: அளவு சரிபார்ப்பு

டிடிஎஸ்சுக்கு இரண்டு தொட்டிகள் போதும். ஒன்றில் நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கூழாக. கலக்கிக்கொண்டே இருந்தால் அது 0 டிகிரி. கலக்காமல் விட்டால் அடியில் தண்ணீர் சூடாகி ஏமாற்றும். இன்னொன்றில் கலக்கிக்கொண்டே இருக்கும் வெந்நீர், அதில் நம்பகமான பிளாட்டினம் வெப்பமானி. கொதிநீரை 100 டிகிரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உயரமான இடத்தில் அது குறைந்துவிடும். ஒரு மீட்டர் பிரிதிறன் உள்ள கருவிக்கு ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 10 மீட்டர் இழை தளர்வான சுருளாக மூழ்க வேண்டும். கேபிளின் தொடக்கத்திலும் முடிவிலும் இதைச் செய்தால் தூரத்தோடு வரும் சாய்வும் பிடிபடும். இழையை வளையமாகத் திருப்பிக் கொண்டுவந்து இரண்டு முனையிலிருந்தும் அளக்க முடிந்தால் ஹைட்ரஜனால் வரும் சாய்வைப் பெருமளவு கழித்துவிடலாம். திரும்பத் தொட முடியாத இடங்களுக்கு நான் இந்த இரட்டை முனை அமைப்பைத்தான் கேட்பேன்.

படி 10: முதல் மாதம்

எச்சரிக்கை அளவுகளை முதல் நாளே இறுக்காதீர்கள். பகல், இரவு, மழை, இயந்திரம் நிற்பது, ஓடுவது எல்லாம் கோட்டில் எப்படித் தெரிகின்றன என்று சில வாரம் பாருங்கள். வெப்பநிலையோடு இழப்புக் கோட்டையும் மாதம் ஒருமுறை சேமியுங்கள். மேற்பூச்சு கெடுவதும் ஹைட்ரஜன் புகுவதும் பெரும்பாலும் இழப்புக் கோட்டில்தான் முதலில் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வையுங்கள்: டிரம் எண், பூச்சு, பசையின் பெயர், ஒவ்வொரு ஸ்ப்ளைஸின் இடமும் இழப்பும், நடந்து குறித்த மீட்டர் பட்டியல், முதல் நாள் கோடுகள். கூடவே, அதே டிரம்மிலிருந்து மிஞ்சிய கேபிளில் ஒரு 20 மீட்டரை வெட்டிச் சுருட்டி, தேதியும் டிரம் எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டி, அலமாரியில் வைத்துவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்துக் கோடு சாயும்போது, தளத்தில் இருப்பது கெட்டதா, கருவி கெட்டதா என்று பார்க்க, அந்தச் சுருளைத்தான் முதலில் பனிக்கட்டிக் கூழில் போட்டு அளக்கப் போகிறீர்கள்.